நீர்மேல் வாழும் உருண்டை ஸ்பிரிங்டெயில்களைக் கண்டறிந்து படமெடுக்கும் முறை

பிரிட்டனிலும் ஐரோப்பாவின் வேறு பல பகுதிகளிலும், லெம்னா என்னும் சிறு மிதவைச்செடி படர்ந்த குளங்களின் மேற்பரப்பில் ஸ்மிந்துரைடிஸ் அக்வாட்டிகஸ் என்ற உருண்டை ஸ்பிரிங்டெயில் (துள்ளிக் குதிக்கும் ஒரு சிற்றுயிர்) வாழ்கிறது. பெண்ணின் நீளம் ஏறத்தாழ 1 மி.மீ.; ஆண் அதில் பாதியளவே இருக்கும். ஆறு கால்கள் இருந்தும், இன்றைய வகைப்பாட்டில் இவை பூச்சிகளாகக் கொள்ளப்படுவதில்லை.

கோடையில் காற்று ஓய்ந்திருக்கும் வேளையில், கரையோரத்து லெம்னா இலைகளின் விளிம்புகளில் தேடத் தொடங்குங்கள். நின்றபடி நோக்கினால் தூசியாகவே தெரியும். கரையில் படுத்து, 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸுடன் கண்ணை நீர்மட்டத்துக்கு அருகே மெல்லக் கொண்டுவர வேண்டும். விரைந்து அசைந்தால், வயிற்றடியில் மடிந்திருக்கும் கவட்டை உறுப்பை நீரில் அறைந்து அவை துள்ளி மறைந்துவிடும். இவற்றின் மேல்தோல் நீரை ஒட்டவிடுவதில்லை. வயிற்றடியிலுள்ள குழாயோ நீரைப் பற்றிக்கொள்கிறது. சோப்பு, இவற்றைத் தாங்கும் நீரின் பரப்பு இழுவிசையைக் குலைத்து அவற்றை மூழ்கடிக்கக்கூடும் என்பதால், சோப்புப் படிந்த கையையோ பாத்திரத்தையோ நீரில் நனைக்கவே கூடாது.

எடுத்துச்சென்று பார்க்க விரும்பினால், நன்கு அலசிய வெள்ளைக் கிண்ணத்தின் விளிம்பை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்த்தி, செடியும் நீரும் தாமாகவே உள்ளே வழிந்து வரவிட்டு, உடனே மூடிவிடுங்கள். வலையில் அள்ளினால் இவை நூலிழைகளில் சிக்கி நசுங்கும்.

படமெடுக்க 1:1 மேக்ரோ லென்ஸ் போதாது, ஏனெனில் 36 மி.மீ. அகல சென்சாரில் உயிரியின் உருவம் 1 மி.மீ. மட்டுமே விழும். 3 முதல் 5 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும். அந்த அளவில் குவியத் தெளிவு மயிரிழை ஆழமே இருக்கும் என்பதால், லென்ஸ் வளையத்தைத் திருப்பாமல் கேமராவையே முன்னும் பின்னும் நகர்த்தி உயிரியின் கண்மீது குவியுங்கள். பளபளப்பான உடலில் ஒளித்திட்டு விழாதிருக்க, ஃபிளாஷ் வெளிச்சத்தை மெல்லிய வெள்ளைத்தாள் வழியே பரவச் செய்யலாம்.

பொறுமையுடன் காத்திருக்கத் தகுந்த காட்சி இணைகள்தாம். ஆணின் உணர்கொம்புகளில் இரண்டாம், மூன்றாம் கணுக்கள் பற்றுகருவியாக மாறியுள்ளன. அவற்றால் பெண்ணின் உணர்கொம்புகளைப் பற்றிக்கொள்ளும் ஆணைப் பெண் தூக்கிச் சுமந்தபடி நடக்கும். பின்னர் ஆண் விந்துத்துளியை வைத்து, பெண்ணை அதன்மேல் இழுத்துச் செல்லும். இப்பற்றுகருவி தெளிவாகத் தெரியும் பக்கவாட்டுப் படம் ஒன்றேனும் எடுத்துக்கொள்ளுங்கள். இனத்தை உறுதிசெய்ய அது பெரிதும் உதவும். வேலை முடிந்ததும், கிண்ணத்து நீரை எடுத்த குளத்திலேயே விட வேண்டும், ஏனெனில் வேறு குளத்தில் ஊற்றினால் லெம்னாவும் அங்கே பரவிவிடும்.