நடுகல் நிற்கும் ஓடைக்கரையில் நடைபாலம் அமைப்பது எப்படி

செங்கம், தண்டராம்பட்டு, திருப்பத்தூர் என்று பழைய வடாற்காடு மாவட்டத்தில் ஓடைக்கரையிலும் ஏரிக்கரையிலும், இறந்த வீரர் நினைவாக நட்ட நடுகற்கள் திறந்த வெளியில் நிற்கின்றன. பல ஊர்களில் அவை வேடியப்பன் என்ற சாமியாக இன்றும் கும்பிடப்படுகின்றன. அப்படி ஒரு இடத்தைப் பூங்காவாக்க ஊர் முடிவெடுத்தால் முதலில் பேச்சுக்கு வருவது கம்பி வேலியும் சிமென்ட் தளமும்தான். இரண்டுமே வேண்டாம். கும்பிட வருகிறவர்களை வேலி தடுக்காது, தாண்டிக்கொண்டு போவார்கள். சிமென்ட் தளமோ வேலியைவிட மோசம். மண்ணின் ஈரம் மேலே வர வழியில்லாமல் கல்லின் வழியாகவே ஏறும். ஏறும்போது சிமென்டின் உப்பையும் இழுத்துவரும். ஈரம் காயும்போது உப்பு கல்லின் மேற்பரப்புக்கு அடியில் படிகமாகி, பொருக்கு பொருக்காகத் தள்ளிவிடும். உதிர்வது எழுத்தும் உருவமும் உள்ள பரப்பு.

பெரும்பாலான இடங்களில் சேதத்துக்குக் காரணம் பாதை. ஓடையைக் கடக்கும் ஒற்றையடிப் பாதை கற்களுக்கு நடுவே போகிறது. கால் பட்டுப் பட்டு மண் இறுகுகிறது, மழைநீர் அந்தத் தடத்திலேயே ஓடிக் கல்லின் அடியைத் தோண்டுகிறது, கல் சாய்கிறது. விழுந்த கல்லை யாராவது ஓடைக்கு நடுவே படிக்கல்லாகப் போட்டுவிடுகிறார்கள். பாதையைக் கற்களிடமிருந்து நகர்த்த வேண்டும், கல்லை இன்னும் நன்றாகப் பார்க்கவும் வழி செய்ய வேண்டும். இந்த இரண்டுக்கும்தான் பாலம். ஆகவே ஓடையை அளந்து பாலத்தை வரையாதீர்கள். முதல் அளவு கல்லிலிருந்து தொடங்கட்டும்.

அனுமதியும் பதிவும்

கற்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால், 2010 சட்டத் திருத்தத்தின்படி எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்கு இடமில்லை. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் முன் அனுமதி வேண்டும். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லாத கல்லானாலும் தகவல் சொல்லிவிட்டே தொடங்குங்கள். ஓடைக்கு நீர்வளத் துறையின் ஒப்புதல் தனி.

மண்வெட்டி படும் முன் ஒவ்வொரு கல்லையும் பதிவு செய்யுங்கள். காலை ஏழு, ஏழரை மணிக்குச் சாய்வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுக்கும் படத்தில்தான் கல்லில் வெட்டிய வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து தெரியும். உச்சிவெயிலில் எடுத்தால் வெறும் பலகைக்கல். தூக்குக்குண்டைக் கல்லின் உச்சியிலிருந்து தொங்கவிட்டு, அடியில் எத்தனை மில்லிமீட்டர் விலகுகிறது என்று குறித்துவையுங்கள். பிறகு கல் சாய்ந்ததா இல்லையா என்ற வாக்குவாதம் வந்தால் இந்த ஒரு எண் போதும். தாளை ஒற்றி மையால் எழுத்தைப் படியெடுக்கும் மைப்படி வேலையைப் பழகியவர்களிடம் விடுங்கள். எழுத்து தெரியட்டும் என்று சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்கவே கூடாது.

இடம் தேர்வு

பாலத்தின் எந்தப் பாகமும், அடித்தளக் குழி உட்பட, எந்தக் கல்லுக்கும் 6 மீட்டருக்குள் வர வேண்டாம். கல்லைப் பார்க்கத் தனியாகப் போடும் பார்வை மேடையின் கைப்பிடி மட்டும் கல்லுக்கு 1.5 மீட்டர் வரை நெருங்கலாம். கை நீட்டினால் தொட முடியாது, எழுத்து கண்ணுக்குத் தெரியும். அந்த மேடை மண்ணைத் தோண்டாமல், தரைமேல் வைத்த கல் திண்டுகளில் உட்காரட்டும்.

கல்லின் முகம் எந்தத் திசை என்று பாருங்கள். கிழக்கு முகமென்றால் காலை வெயில் நேராக முகத்தில் அடித்துப் புடைப்பைத் தட்டையாக்கிவிடும். வடக்கோ தெற்கோ பார்த்த கல்லுக்குக் காலையும் மாலையும் வெளிச்சம் பக்கவாட்டில் வரும். மேடையின் நிழல் எந்த வேளையில் எந்தக் கல்லில் விழுகிறது என்பதை இரண்டு மூங்கில் கழியை நட்டே தெரிந்துகொள்ளலாம்.

எடுத்தனூர் நடுகல் பெயர்பெற்றது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வரைக் கடித்துக் காத்து நின்றதை அதன் எழுத்து சொல்கிறது. நாயின் உருவம் வீரனருகே கீழ்ப்பகுதியில் இருக்கிறது. இத்தகைய கற்களில் நாய், மாடு, சிமிழ் போன்ற சின்ன உருவங்களெல்லாம் தரைக்குச் சற்று மேலேதான் வரும். மழைத்துளி வெறும் மண்ணில் விழுந்து சேறாகத் தெறிப்பது ஏறக்குறைய முழங்கால் உயரம். கல்லில் முதலில் அழிவதும் அந்த உயரம்தான். மேடையைத் திட்டமிடும்போதே கல்லைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு, தோண்டாமல், 10 செ.மீ. கனத்தில் கூழாங்கல் பரப்புவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிமென்ட் இல்லாமல், உதிரியாக.

ஓடையின் கணக்கு

வெள்ள அளவுக்குச் சென்னை மாகாணத்துப் பொறியாளர்கள் பயன்படுத்திவந்த ரைவ்ஸ் சூத்திரம் இன்றும் உதவும். ஓடைக்கு மழைநீர் வந்து சேரும் நீர்ப்பிடிப்புப் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு (2/3) அடுக்கைக் கெழு என்ற இடத்துக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். கெழு, கடற்கரையிலிருந்து 80 முதல் 160 கி.மீ. தொலைவுக்கு 8.5, மலையடிவாரத்துக்கு 10.2. ஜவ்வாது மலையடியில் 2 ச.கி.மீ. பிடிப்புள்ள ஓடையென்றால் வினாடிக்குச் சுமார் 16 கனமீட்டர் வரும். நீர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் 8 ச.மீ. வழி வேண்டும். 9 மீட்டர் அகலமும் 0.9 மீட்டர் ஆழமும் உள்ள ஓடை அதைத் தாங்கும்.

சூத்திரத்தோடு நிற்காமல் ஊரில் கேளுங்கள். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது இந்த ஓடையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கரையோர வயல்காரர் கைகாட்டிச் சொல்வார். இரண்டில் எது உயரமோ அதை வெள்ளமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். 3 முதல் 30 கனமீட்டர் வரையிலான ஓட்டத்துக்கு, வெள்ளமட்டத்துக்கும் பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரமான கர்டரின் அடிப்பகுதிக்கும் இடையே 600 மி.மீ. இடைவெளி வேண்டும்.

செலவைக் குறைக்கிறேன் என்று, பாலத்தின் இரு முனையையும் தாங்கும் தாங்குசுவர்களை ஓடைக்குள் தள்ளி வைத்துவிடுவார்கள். இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வழி குறுகினால் மேற்பக்கம் நீர் தேங்கி ஏறும், கீழ்ப்பக்கம் வேகமெடுத்துக் கரையை அரிக்கும். கற்கள் எந்தப் பக்கம் நின்றாலும் அடி அவற்றுக்குத்தான். தாங்குசுவர் கரைவிளிம்பிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளி நிலத்தில் நிற்கட்டும். ஓடைக்கு நடுவே தூண் கூடாது.

கர்டரும் தளமும்

9 மீட்டர் ஓடை, இருபுறமும் 1 மீட்டர், அதற்கப்பால் தாங்கும் இடம். ஆக 12 மீட்டர் கர்டர். சந்தையில் முழு நீளமாகவே கிடைக்கும், ஒட்டுப் போட வேண்டியதில்லை. பாலத்தின் அகலம் 1.8 மீட்டர். திருவிழாக் கூட்டம் கூடும் இடத்துக்கு இந்தியச் சாலைப் பேரவையின் (ஐஆர்சி) 6ஆம் விதித்தொகுப்பின்படி ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோ சுமை எடுக்க வேண்டும். வெறும் நாளில் இரண்டு பேர் நடக்கும் பாலம்தான். ஆனால் மாட்டுப்பொங்கலன்று வேடியப்பனுக்குப் பொங்கல் வைக்க ஊரே அதன்மேல் நிற்கும். அந்த நாளுக்குத்தான் கணக்கு.

இரண்டு கர்டர்கள், இடையே 1.2 மீட்டர். ஐஎஸ்எம்பி 350, அதாவது 350 மி.மீ. உயரமுள்ள ‘ஐ’ வடிவ இரும்பு, வலிமைக்குப் போதும், அழுத்தம் அனுமதிக்குள்தான் வரும். ஆனால் முழுக் கூட்டம் நின்றால் நடுவில் 45 மி.மீ. தொய்யும், அதிர்வெண்ணும் வினாடிக்கு 5ஐ ஒட்டி நிற்கும். மனித நடை வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு காலடி. பாலத்தின் இயல்பு அதிர்வு 5க்கு மேல் தெளிவாக விலகி இருந்தால்தான் ஆட்டம் தெரியாது. ஐஎஸ்எம்பி 400 போட்டால் தொய்வு 30 மி.மீ., அதாவது நீளத்தில் நானூறில் ஒரு பங்கு. அதிர்வெண் 6. இரும்பு மொத்தத்தில் 220 கிலோதான் கூடும். தயங்காமல் 400 போடுங்கள். ஆடுகிற பாலத்தை மக்கள் விட்டுவிட்டுப் பழைய தடத்துக்கே திரும்பிவிடுவார்கள். குறுக்கே 2 மீட்டருக்கு ஒன்றாக ஏழு ஐஎஸ்எம்சி 200 சானல் (200 மி.மீ. உயரமுள்ள ‘சி’ வடிவ இரும்பு), அவற்றுக்கிடையே 50x50x6 மி.மீ. ஆங்கிளில் (‘எல்’ வடிவ இரும்பில்) குறுக்குப் பிணைப்பு. இறுதி வரைபடத்தைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

தளத்துக்குச் செக்கர் பிளேட் என்ற புடைப்பு போட்ட இரும்புத் தகடு வேண்டாம். சாமியிடம் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்களின் கால் சித்திரை வெயிலில் வெந்துவிடும். 50 மி.மீ. கனம், 140 மி.மீ. அகலமுள்ள மரப்பலகையை 8 மி.மீ. இடைவெளி விட்டுப் போடுங்கள், 81 பலகை பிடிக்கும். திருகாணி எவர்சில்வராக இருக்கட்டும். கைப்பிடி 1.1 மீட்டர் உயரம்.

எல்லா இரும்புக்கும் சூடான துத்தநாகக் குளியல், ச.மீ.க்கு 610 கிராம். துளைகளைக் குளியலுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். தொட்டியின் நீளத்தைப் பட்டறையில் முன்கூட்டியே கேளுங்கள். தொட்டி சிறியதென்றால் இரு முனையையும் மாற்றி முக்குவார்கள். பூச்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தைச் சோதித்து வாங்குங்கள்.

களத்தில் வெல்டிங்கும் கிரைண்டிங்கும் அறவே கூடாது, போல்ட் மட்டும். கிரைண்டரின் பொறி வெறும் வெளிச்சமல்ல, கொதிக்கும் இரும்புத் துகள். அது கல்லில் ஒட்டிக்கொண்டு, முதல் மழையில் துருவேறி, பழுப்புப் புள்ளியாகப் பதிந்துவிடும். தேய்த்தாலும் போகாது.

அடித்தளமும் சாய்தளமும்

ஓடையின் தரைமட்டத்துக்கு 1 மீட்டர் கீழே, அல்லது பாறைமேல் அடித்தளம் உட்காரட்டும். 2.4 x 1.2 மீட்டர் பரப்பில் 450 மி.மீ. கனக் கான்கிரீட் போட்டால், எல்லாப் பாரமும் சேர்ந்து ச.மீ.க்கு 7 டன் அளவில் இறங்கும். இறுகிய சரளை மண் தாங்கும். களிமண் வந்தால் அகலப்படுத்த வேண்டும். வெடி வைக்கக் கூடாது, அதிரும் ரோலர் கூடாது. குழியில் கருப்பு-சிவப்புப் பானை ஓடு தென்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்தித் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். புதிய கற்கால, இரும்புக்கால மக்கள் வாழ்ந்த பையம்பள்ளி இருக்கும் வட்டாரம் இது, எந்தக் குழியிலும் பழமை கிடைக்கலாம்.

கர்டரின் ஒரு முனையைப் போல்ட்டால் இறுக்கிவிட்டு, மறுமுனையில் நீள்துளை விடுங்கள். 40 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 12 மீட்டர் இரும்பு 6 மி.மீ. நீளும். இரு முனையையும் இறுக்கினால் போல்ட்டோ சுவரோ வெடிக்கும்.

சாய்தளத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். வெள்ளமட்டத்துக்கு மேல் 600, கர்டர் 400, பலகை 50 என்று தளம் 1.05 மீட்டர் உயர்ந்துவிடும். பன்னிரண்டுக்கு ஒன்று சரிவென்றால் 12.6 மீட்டர், நடுவில் ஒரு இளைப்பாறும் தளத்தோடு 14 மீட்டர் ஆகும். நேராக விட்டால் அது கற்களுக்கு நடுவே போய் இறங்கும், பாலம் போட்டதே வீண். தாங்குசுவரிலேயே திருப்பிக் கற்களுக்கு எதிர்த்திசையில் இறக்குங்கள். அதில் வடியும் மழைநீரையும் தனி வாய்க்காலில் ஓடைக்கு அனுப்புங்கள்.

ஊரோடு பேச வேண்டியது

பழைய தடத்தில் முள்கம்பி வேண்டாம். ஆவாரஞ்செடி நெருக்கமாக நட்டால் ஓரிரு மழைக்காலத்தில் தடம் மறையும். ஓடைக்கரையில் வெட்டிவேர். கல்லுக்கு 5 மீட்டருக்குள் அரசோ ஆலோ வேர்விட விடாதீர்கள்.

கும்பிடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அந்தக் கல் இத்தனை நாள் நின்றதே கும்பிட்டதால்தான். விளக்குக்கும் பொங்கலுக்கும் கல்லுக்கு 3 மீட்டர் தள்ளி ஒரு பலகைக்கல் போடுங்கள். எண்ணெயும் பாலும் அதில் விழட்டும், குங்குமத்தையும் அங்கேயே வைக்கலாம். இதைப் பூசாரியோடும் பங்காளிகளோடும் உட்கார்ந்து, வரைபடம் போடும் முன்பே முடிவு செய்யுங்கள். கட்டி முடித்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏற்றுவதும் சோதிப்பதும்

ஒரு கர்டர் 740 கிலோ. ஹைட்ரா கிரேனைக் கற்கள் இல்லாத கரையில் மட்டும் நிறுத்துங்கள். கற்களைச் சுற்றி மூங்கில் சட்டம் கட்டித் தார்ப்பாய் போடுங்கள், தார்ப்பாய் கல்லைத் தொடக் கூடாது.

திறப்பதற்கு முன் 50 கிலோ மணல் மூட்டை 216 அடுக்கினால் முழுச்சுமை 10.8 டன் வரும். நடுவில் தொய்வை அளந்து, ஒரு நாள் விட்டு, மூட்டைகளை எடுத்ததும் பழைய மட்டத்துக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். தொய்வு 30 மி.மீ.க்கு மேல் போனால் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தேடுங்கள்.

பிறகு ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், போல்ட்டுகளை இறுக்கிப் பலகை இடுக்கில் சேர்ந்த சருகைத் தள்ள வேண்டும். தை பிறந்ததும் தாங்குசுவரின் அடியில் அரிப்பு உண்டா என்று கம்பியால் குத்திப் பார்த்து, அதே தூக்குக்குண்டால் ஒவ்வொரு கல்லின் சாய்வையும் அளந்து பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். 5 மி.மீ.க்கு மேல் மாறியிருந்தால் நீங்களே நிமிர்த்த முயலாமல் தொல்லியல் துறையை அழையுங்கள்.