பேட்டரியின் மேல் பழி போடும் முன்: கார் கிளம்பாதபோது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவியைத் திருப்பினால் 'டக் டக் டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. டேஷ்போர்டு விளக்குகள் மங்கி அணைகின்றன. பக்கத்தில் நிற்பவர் பானெட்டைத் திறக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுவார்: "பேட்டரி போய்விட்டது, புதிது போட்டுவிடுங்கள்." சில நேரம் அது சரியான தீர்ப்புதான். ஆனால் பேட்டரி இறங்கியிருப்பது வேறு, பேட்டரி கெட்டிருப்பது வேறு. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. பிறகு செய்யும் தவறுகள் பெரும்பாலும் இதன் வயிற்றில் பிறந்தவை.

குளம் வற்றினால் குளத்தை யாரும் குற்றம் சொல்வதில்லை. வரத்துக் கால்வாய் அடைத்திருக்கிறதா, மடை கசிகிறதா, குளமே தூர்ந்துபோயிருக்கிறதா என்றுதான் பார்ப்போம். காரிலும் அதே மூன்று கேள்விகள். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர்தான் வரத்து. கார் நிற்கும்போதும் அணையாமல் எரிகிற விளக்கோ, தூங்கப் போகாத கருவியோ கசிவு. உள்ளே தகடுகள் கெட்டுப்போன பேட்டரி தூர்ந்த குளம்.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன். ஒருநாள் செல்ஃப் எடுக்கவில்லை. ஒரு மீட்டரைக்கூட வைத்துப் பார்க்காமல் புது பேட்டரி வாங்கி மாட்டினேன். மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நான்காவது வாரம் ஒரு விடியற்காலை, மறுபடி அதே டக் டக். கடைசியில் குற்றவாளி அகப்பட்டது இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையில். செம்புப் பின்னலில் பாதி இழைகள் அறுந்திருந்தன. போல்ட்டின் அடியில் பச்சைப் பொடி பூத்திருந்தது. மிச்சமிருந்த இழைகள் வழியாகப் புது பேட்டரி சில நாள் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றிவிட்டது. ஆனால் ஆல்டர்னேட்டர் திருப்பித் தரும் மின்னோட்டமும் அதே ஒற்றையடிப் பாதையில்தான் வர வேண்டும். அது முழுதாக வந்து சேரவில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்து, வேறு பட்டை மாட்டி முடுக்க இருபது நிமிடம் ஆனது. பழைய பேட்டரி நன்றாகத்தான் இருந்திருக்கும் என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன்.

ஆகவே கையை வைக்கும் முன் காதை வையுங்கள். விரைவாக அடுத்தடுத்து 'டக் டக்' என்றால் பேட்டரி இறங்கியிருக்கலாம், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கலாம். பளிச்சென்று விளக்கெரிந்தும் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பக்கம் பார்க்க வேண்டும். இன்ஜின் வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் சார்ஜ் விவகாரத்தை விட்டுவிடுங்கள். அது எரிபொருளோ, தீப்பொறியோ, சாவியை அடையாளம் காணாத பூட்டோ.

அடுத்த தவறு, அளக்காமல் ஊகிப்பது. பேட்டரியின் இரு முனைகளில் வைத்து வோல்ட் பார்க்க, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். ஆனால் அதையும் தவறான நேரத்தில் வைத்தால் பொய் சொல்லும். ஓட்டிவந்து நிறுத்தியவுடன் அளந்தால் பேட்டரி உண்மையில் இருப்பதைவிட நிறைவாகத் தெரியும். ஓர் இரவு நின்ற பிறகு, கதவைத் திறந்து மூடும் கூத்தெல்லாம் ஓய்ந்த பிறகு பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது சற்று மேலே என்றால் நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் ஏறத்தாழ பாதி. 12-க்குக் கீழே என்றால் அடிமட்டம். சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 பக்கமே நிற்கிறது என்றால், உள்ளே இருக்கும் ஆறு செல்களில் ஒன்று செத்திருக்கக்கூடும். அப்போது மாற்றுவதைத் தவிர வழியில்லை.

12.6 காட்டியதும் பேட்டரிக்கு நற்சான்று கொடுத்துவிடாதீர்கள். சும்மா நிற்கும்போது எல்லாரும் பலசாலிதான். யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால், நிறைந்ததாகத் தெரியும் அந்தப் பேட்டரிக்குத் தெம்பு இல்லை என்று பொருள்.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே இரு முனைகளில் மீட்டர் 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாமல் 12.4, 12.3 என்று இறங்கிக்கொண்டே போனால் வரத்து நின்றுவிட்டது. புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சப்படுத்த கணினியே சார்ஜைக் குறைத்து வைக்கும். முகப்பு விளக்கையும் மின்விசிறியையும் போட்டுவிட்டு மறுபடி பார்த்தால் எண் ஏறும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: 15-ஐத் தாண்டி அங்கேயே நின்றால், வோல்ட்டை அளவோடு வைக்கும் ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மீறி ஏற்றுகிறது. அழுகிய முட்டை வாசனை, பேட்டரியின் பக்கவாட்டுப் புடைப்பு இரண்டும் அதன் அறிகுறிகள். வாசனை வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

இப்போது, எல்லாவற்றிலும் மோசமான தவறு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. "கழற்றியும் ஓடினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது" என்று இதைச் செய்து காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மின்னணுக் கருவி எதுவும் இல்லாத பழைய வண்டிகளில் பிழைத்துப்போன வித்தை இது. ஆல்டர்னேட்டர் முழு வீச்சில் மின்சாரம் தந்துகொண்டிருக்கும்போது அதை வாங்கி அடக்கிக்கொள்ளும் பேட்டரியைத் திடீரென்று பிரித்தால், உள்ளே இருக்கும் காந்தப்புலம் அந்தக் கணமே தணிந்துவிடாது. கண்ணிமைக்கும் நேரம் பல பத்து வோல்ட்டுகள் வயர்களில் பாயும். ஆல்டர்னேட்டரில் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் டயோடுகளும் இன்ஜினை ஆளும் கணினியும் அதில் போகலாம். யாராவது ஸ்பேனரோடு வந்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள், மரியாதை பார்க்காதீர்கள்.

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு பேட்டரி விளக்கை முழுதாக நம்புவதும் தவறு, அலட்சியம் செய்வதும் தவறு. சாவியை முதல் கட்டத்துக்குத் திருப்பும்போது அது எரிய வேண்டும், இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியவில்லை என்றால் பலர் நிம்மதி அடைகிறார்கள். பழைய கார்கள் பலவற்றில் அந்தச் சிறு பல்பு வழியாகப் போகும் மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரைத் துயில் எழுப்பும். பல்பு போனால் சார்ஜும் போகும். அணைந்துவிட்டது என்பதாலும் எல்லாம் சரி என்றாகாது. டயோடு ஒன்று மட்டும் கெட்டிருந்தால் விளக்கு சும்மா இருக்கலாம், பேட்டரி மட்டும் மெல்ல இறங்கும். இதற்கு ஓர் எளிய சோதனை: இன்ஜின் ஓடும்போது மீட்டரை மாறுமின் (AC) வோல்ட் அளவைக்கு மாற்றி பேட்டரி முனைகளில் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடுகளைச் சந்தேகிக்கலாம். மீட்டர் இல்லாவிட்டால், காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், இரவெல்லாம் பேட்டரியைக் குடித்தது அதுதான்.

சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்ததும் நேராக ஆல்டர்னேட்டரை மாற்றுவது, பேட்டரியை மாற்றுவதன் அண்ணன். முதலில் பெல்ட்டைப் பாருங்கள்: தளர்ந்திருக்கிறதா, உட்பக்கம் கண்ணாடி போல் பளபளக்கிறதா, ஸ்டார்ட் செய்தவுடன் கீச்சிடுகிறதா. பிறகு ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த வயரும் அதன் வழியில் இருக்கும் பெரிய ஃப்யூஸும். இன்ஜினை ஓடவிட்டு, முகப்பு விளக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரக்கு வழியிலேயே கொட்டுகிறது. பேட்டரியின் மைனஸுக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் நடுவே 0.2-ஐத் தாண்டக் கூடாது. என் எர்த் பட்டையில் இதை அன்றே செய்திருந்தால் ஒரு பேட்டரியின் விலை மிஞ்சியிருக்கும். டெர்மினலில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் தேய்த்துவிடுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இல்லையென்றால் பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியைத் தொட்டு வெல்டிங் பட்டறை ஆகிவிடும்.

வரத்து சரி, பேட்டரியும் சரி, ஆனாலும் இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் கிளம்பவில்லை என்றால் கசிவைத் தேட வேண்டும். நிற்கும் காரில் 50 மில்லி ஆம்பியர் வரை ஓடுவது இயல்பு, நாளுக்கு 1.2 ஆம்பியர் மணிதான் அது. ஆனால் டிக்கியில் அணையாத 5 வாட் பல்பு ஒன்று நாளுக்குச் சுமார் 10 ஆம்பியர் மணி குடிக்கும். 45 ஆம்பியர் மணி பேட்டரி மூன்றாம் நாளே தள்ளாடும். இதை அளக்கும்போது எல்லாரும் செய்யும் தவறு அவசரம். பூட்டிய பிறகு காரின் கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகலாம். அதற்கு முன் தெரியும் எண்ணைப் பார்த்துப் பதறக் கூடாது. மீட்டர் வரிசையில், அதாவது பேட்டரி முனைக்கும் அதிலிருந்து கழற்றிய வயருக்கும் நடுவே, இணைந்திருக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள்; மீட்டரின் ஃப்யூஸ் அப்போதே போய்விடும்.

ஜம்ப் ஸ்டார்ட் செய்யும்போது, அதாவது வேறொரு நல்ல பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பும்போது, கடைசி இணைப்பைத் தவறான இடத்தில் கொடுப்பவர்களே அதிகம். சிவப்பு வயர் முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு வயர் நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறுமுனை கிளம்பாத காரின் இன்ஜின் உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசித் தொடுகையில் தீப்பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசிந்திருக்கலாம். இரண்டும் சந்திக்கக் கூடாது.

கிளம்பிவிட்டதும் பத்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு அணைத்துவிடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஏறுவது கொஞ்சம்தான். ஆல்டர்னேட்டர் செலவான சார்ஜை ஈடுகட்டச் செய்த கருவி, அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரியைத் தூக்கி நிறுத்த அல்ல. அந்த வேலையைக் கொடுத்தால் அதுவும் சூடேறிக் கெடும். 5 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு போடுவதே நல்லது. இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, நல்ல பேட்டரியும் அப்போதுதான் உண்மையிலேயே கெடுகிறது.

இத்தனையும் பார்த்த பிறகு பேட்டரிதான் குற்றவாளி என்றால் தயங்காமல் மாற்றுங்கள். சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் காராக இருந்தால் சாதாரண பேட்டரி போடாதீர்கள். ஏற்கெனவே இருந்த வகையையே கேட்டு வாங்குங்கள். சில கார்களில் புது பேட்டரி வந்திருப்பதைக் கணினிக்கும் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் பழைய கிழவனுக்குப் போட்ட கணக்கிலேயே புதியவனுக்கும் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.