போன்சாய்: தட்டைக் கடைசியில் வாங்குங்கள்

தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி காயும், ஏர்கான் அறையில் வைத்தால் இலை கொட்டும். இதையெல்லாம் நர்சரிக்காரரே சொல்லித்தான் பையில் போட்டுக் கொடுக்கிறார். போன்சாய் என்பது ஆழமில்லாத தட்டில் குட்டையாக வைத்து வளர்க்கும் மரம். நம் சிங்கப்பூர் வீடுகளில் அந்த மரம் சாகாமலே கெட்டுப்போகிற தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன். செத்துவிட்டால் ஒருநாள் வருத்தத்தோடு போய்விடும், வேறொன்று வாங்கலாம். ஆண்டுக்கணக்கில் உயிரோடு நின்றும் தேறாத மரம்தான் ஆளையே வெறுக்க வைத்துவிடும். புதிதாக வருகிறவர்கள் எங்கள் செட்டு ஆட்கள் சறுக்கிய அதே இடங்களில் வரிசையாகச் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கன்றைத் தட்டில் நடுவது

போன்சாய் ஆசை வந்த கையோடு முதலில் தட்டு வாங்கிவிடுகிறார்கள். நீல மெருகு போட்டு, நாலு கால் வைத்து, இரண்டு விரற்கடை ஆழம்கூட இல்லாத தட்டு. அதில் பென்சில் தடிமனில் வாட்டர் ஜாஸ்மின் என்னும் பூமரக் கன்று, சுற்றிலும் பாசி, பக்கத்தில் தூண்டில் போடும் குட்டித் தாத்தா பொம்மை. படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போட்டாயிற்று. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பட்டுவேட்டி கட்டி மணமேடையில் உட்கார வைத்த மாதிரி இருக்கும்.

எங்கள் புளோக்குத் தம்பி ஒருவர் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"அண்ணே, அடிமரம் எப்ப தடிக்கும்?"

"தட்டுல இருக்கிற வரைக்கும் தடிக்காது தம்பி."

"உரம் கூடப் போட்டா?"

"போட்டாலும்தான்."

"தட்டு என்ன விலைன்னு தெரியுமாண்ணே உங்களுக்கு?"

அதற்கு நான் என்ன பதில் சொல்ல? இன்றைக்கும் அந்தக் கன்று அதே தட்டில் அதே பென்சிலாக நிற்கிறது. இலை பச்சைப்பசேலென்று இருக்கிறது, குறை சொல்ல முடியாது.

பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய வளர்திசு அடுக்கு செல்களைக் கூட்டிக்கொண்டே போவதால்தான் அடிமரம் பருக்கிறது. அந்த வேலைக்குச் சர்க்கரை வேண்டும். அதை இலைகள் தயாரித்துக் கீழே அனுப்புகின்றன. நிறைய இலை வேண்டுமென்றால் நிறைய வேர் வேண்டும், வேர் ஓட இடம் வேண்டும். தட்டு வேரைச் சுருக்குகிறது. மேலே நாம் வாராவாரம் கத்தரி போட்டு இலையையும் சுருக்கிவிடுகிறோம். பிறகு எங்கிருந்து தடிக்கும்? தட்டின் வேலையே வளர்ந்து முடித்த மரத்தை அதே அளவில் நிறுத்திவைப்பது. ஜூரோங் சீனத் தோட்டத்துப் போன்சாய்களைப் பார்க்கப் போனால் கிளையை அப்புறம் ரசியுங்கள், முதலில் அடிமரத்தைப் பாருங்கள். அந்தப் பருமன் தட்டில் வந்ததல்ல.

தட்டில் இன்னொரு வம்பும் உண்டு. எந்தச் சட்டியிலும் தண்ணீர் முழுக்க வடியாது. அடியில் கொஞ்ச உயரத்துக்கு மண் ஊறிப்போய் நிற்கும். அந்த உயரம் மண் துகளின் பருமனைப் பொறுத்தது, சட்டியின் ஆழத்தை அது சட்டை செய்யாது. அதனால் ஒரே மண்ணை வாளியில் போட்டால் அடிப்பகுதி மட்டும் நனைந்திருக்கும், தட்டில் போட்டால் பாதிக்குமேல் சேறு. டிசம்பரில் மழை விடாமல் பிடித்துக்கொண்டால் வேர் அழுகத் தொடங்கிவிடும். அடியில் கூழாங்கல் பரப்பினால் வடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊறிய அடுக்கு கல்லுக்கு மேலே ஏறி உட்காரும், வேருக்கு இன்னும் கிட்டே. தூசியைச் சலித்தெடுத்த புமிஸ் என்னும் நுரைக்கல், லாவாக்கல், சுட்டமண் கலவை போடுங்கள். 3 முதல் 6 மில்லிமீட்டர் பருமன் இருந்தால் போதும்.

சரி, கன்றை எதில் வைப்பது? ஈரச்சந்தையில் மீன் வந்திறங்கும் வெள்ளைப் பெட்டி இருக்கிறதே, அதில். காலையில் போய்க் கேட்டால் மீன்கடை அங்கிள் சும்மாவே கொடுப்பார். நன்றாகக் கழுவி அடியில் ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். பெட்டி பெரிதாகத் தெரிந்தால், காய்கறி கழுவும் பிளாஸ்டிக் வடிகூடை வாங்குங்கள். கூடையின் துளைக்கு வந்ததும் வேர்நுனி காற்றுப்பட்டுக் காய்ந்துபோகும். உள்ளே பக்கவேர்கள் கிளைக்கும். வேர் வட்டமடித்துச் சிக்காது.

நட்ட பிறகு கத்தரியை ஒளித்துவையுங்கள். குறிப்பாக அடியில் இருக்கும் ஒரு கிளையைத் தொடவே தொடாதீர்கள், அது காடாக ஓடட்டும். அதற்குக் கீழே இருக்கும் அடிமரம்தான் வேகமாகப் பருக்கும். வேண்டிய தடிமன் வந்ததும் அந்தக் கிளையை வெட்டி எறியலாம். உச்சியையும் தாழ வெட்டி, பக்கத்தில் துளிர்ப்பதைப் புதுத் தலைப்பாக ஏற்றினால் கீழே பருத்து மேலே மெலியும் வாகு கிடைக்கும். இச்சி, ஆல் வகைகளில் வெட்டுக்காயம் இந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் மூடிக்கொள்ளும்.

பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஈசூனில் ஓர் அக்கா வீட்டுச் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் மீன் பெட்டி, அதில் ஆளுயர இச்சி. "காடா வளர்க்கிறீங்க?" என்று கேட்காத ஆளில்லை. வெட்டி இறக்கிய பிறகு பார்த்தால் மணிக்கட்டுத் தடிமனில் அடிமரம், மண்ணுக்கு மேலே கையால் பிடித்துவைத்த மாதிரி வேர்கள். கேலி செய்தவர்களெல்லாம் நட்டு வளர்க்கக் குச்சி கேட்டு வந்தார்கள். காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும், அதை மட்டும் அளந்துகொள்ளுங்கள். தீயணைப்பு விதி அது.

காத்திருக்கப் பொறுமை இல்லையா? அதுவும் தப்பில்லை. தட்டுக்கு எடுத்துவைத்த காசில், நிலத்தில் வளர்த்துத் தோண்டியெடுத்த பருமனான அடிமரமாகப் பார்த்து வாங்குங்கள். அதைப் பிளாஸ்டிக் சட்டியில் வைத்தாலும் அழகுதான்.

சூரியன் இடம் மாறுவதை மறப்பது

"ஜூன்ல நல்லா இருந்துச்சு, இப்ப நெட்டு நெட்டாப் போகுது" என்று டிசம்பரில் வருவார்கள். உரத்தை மாற்றியிருப்பார்கள், பூச்சிமருந்தும் அடித்திருப்பார்கள். காரிடார் எந்தத் திசை என்று கேட்டால் முழிப்பார்கள். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் 20 வாக்கு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. வடக்குப் பார்த்த காரிடாருக்கு ஆண்டில் பாதிதான் நேர்வெயில், தெற்குப் பார்த்ததற்கு மறுபாதி. வெயில் போனதும் கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், இலை பெரிதாகும். அந்த மாதங்களுக்கு ஓர் எல்இடி வளர்விளக்கு போடுங்கள், அல்லது எதிர்த் திசையில் வீடுள்ள நண்பரோடு பேசிவையுங்கள். ஜன்னல் திட்டில் மட்டும் வைக்காதீர்கள், கீழே ஆள் நடக்கிறார்கள்.

ஜப்பானிய மேப்பிள்

வேண்டாம். அதற்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும்.

கம்பியைத் திருகிக் கழற்றுவது

குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கிளையை வளைக்கச் சுற்றிய கம்பியை மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இங்கே இச்சி ஓடும் ஓட்டத்துக்குச் சில வாரங்களிலேயே பட்டையைக் கடித்துவிடும். வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். அழுந்தத் தொடங்கியதும் கம்பியைச் சுற்றுக்குச் சுற்று வெட்டி எடுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று திருகினால் முறிவது கிளை.

வாட்டர் ஜாஸ்மினை ஓயாமல் கத்தரிப்பது

பூ வரவில்லை என்கிறவர்கள் மொட்டை அவர்களே வெட்டிப்போட்டிருப்பார்கள். நம் ஊர் வெட்பாலைக்கு உறவான இந்தச் செடி புதுத் துளிரில்தான் பூக்கும். மரம் திடமாக இருக்கும்போது இலைகளை மொத்தமாக உருவிவிட்டுச் சும்மா இருங்கள். துளிரும் மொட்டும் சேர்ந்தே வரும், வெள்ளைப் பூ தலைகீழாகத் தொங்கும். உருவும்போது வடியும் பாலைச் சட்டையில் படவிடாதீர்கள்.

சட்டிக்கு அடியில் வைக்கும் தண்ணீர்த் தட்டு

கொசு. அபராதம்.

ஊருக்குப் போகும் முன் மண் மாற்றுவது

பள்ளி விடுமுறைக்கு விமானச்சீட்டு எடுத்தாயிற்று, போவதற்குள் எல்லா வேலையையும் முடித்துவிடலாம் என்று ஒரு வேகம் வரும். மண் மாற்றும்போது வேரையும் வெட்டுவோம். அப்படி வெட்டுப்பட்ட மரத்தை நிழலில் காற்றுப்படாமல் வைத்துத் தினமும் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் அதை ஒப்படைத்துவிட்டுப் போவது அவருக்கும் தண்டனை. திரும்பி வந்து மாற்றுங்கள். இச்சிக்கு இங்கே எந்த மாதமானாலும் சரிதான்.