இருட்டில் குழந்தையைக் காட்டும் கேமரா: வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

தூங்கும் குழந்தையை வேறு அறையிலிருந்தே கவனிக்க உதவும் பேபி மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை மெகாபிக்சல் என்பதைத்தான். பெட்டியின் மேல் பளிச்சென்று ஒரு பகல்நேரப் படமும் இருக்கும். ஆனால் அந்தக் கேமராவுக்கு முக்கியமான வேலை ராத்திரியில்தான். இருட்டியதும் கேமரா தன் அகச்சிவப்பு விளக்குகளைப் போட்டுக்கொண்டு, அந்த ஒளி பட்டுத் திரும்புவதைக் கறுப்பு வெள்ளையில் காட்டும். எதில் பட்டுத் திரும்புகிறது என்பதில்தான் நம் வீடுகளில் தகராறு.

கொசுவலை இருந்தால், கேமராவுக்கு அருகில் உள்ள வலைதான் முதலில் ஒளியை வாங்கும். திரையில் வெள்ளைப் புகை மாதிரி வலை தெரியும், பின்னால் குழந்தை மங்கிக் கிடக்கும். கேமராவை நகர்த்தி, கோணத்தை மாற்றிப் பார்த்தால் ஓரளவு சரியாகும். தூளி என்றால் அதற்கும் வழியில்லை. புடவைக்குள் சுருண்டிருக்கும் பிள்ளையை எந்தக் கேமராவும் காட்டாது, துணிதான் தெரியும். தூளியில் தூங்க வைக்கிற வீட்டுக்குச் சத்தத்தை மட்டும் அனுப்பும் மலிவான மானிட்டரே போதும் என்பேன்.

விளக்கிலும் இரண்டு வகை உண்டு. அகச்சிவப்பு ஒளியின் அலைநீளம் 850 நானோமீட்டர் என்றால் இருட்டில் மெல்லிய சிவப்புப் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியும். 940 என்றால் ஒன்றும் தெரியாது, ஆனால் அதே சக்தியில் அவ்வளவு தூரம் எட்டாது. சின்ன அறைக்கு 940 நல்லது. இன்னொன்று, இந்த வெளிச்சத்தில் நிறம் தெரியாது. உதடு நீலம் பூத்திருக்கிறதா, உடம்பு மஞ்சளாக இருக்கிறதா என்பதையெல்லாம் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அப்புறம் கரண்ட். போனில் பார்க்கும் வைஃபை கேமரா, ரவுட்டர் அணைந்த நொடியில் ஊமையாகிவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீடென்றால், கேமராவிலும் கையில் வைத்திருக்கும் திரையிலும் பேட்டரி உள்ள, இணையம் தேவைப்படாத வகையைத் தேடுங்கள். வைஃபைதான் வேண்டுமென்றால், கூடவே வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். ஊரறிந்த கடவுச்சொல்லோடு கருவிகளை விற்பதை பிரிட்டன் 2024 ஏப்ரலில் சட்டம் போட்டே தடுத்தது.

நன்றாகத் தெரியட்டும் என்று கேமராவைத் தொட்டில் கம்பியிலேயே மாட்டுகிறார்கள். வேண்டாம். ஒயர் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு, குறைந்தது 3 அடியாவது தள்ளி இருக்கட்டும். மூச்சையும் இதயத்துடிப்பையும் அளக்கும் கருவிகள் தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்தைத் தடுக்கும் என்று நம்பியும் காசைக் கொட்ட வேண்டாம். அந்த நோக்கத்துக்கு இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 பரிந்துரையே சொல்கிறது.

வாங்கிய அன்று இரவே விளக்கை அணைத்து, ஜன்னலை மூடி, வலையைக் கட்டி, குழந்தை படுக்கும் இடத்தில் ஒரு பொம்மையை வைத்துப் பாருங்கள். பொம்மையின் முகம் தெரியவில்லையென்றால், திருப்பிக் கொடுக்கும் தேதி தாண்டுவதற்குள் கடைக்கு அனுப்பிவிடலாம்.