பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுத்தால்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

வந்து இறங்கிய முதல் மாதங்களில் வீடு, வேலை, ஹெல்த் கார்ட் என்று அலைவதிலேயே பொழுது போய்விடும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, பஸ் எங்கே வரும் என்று தெரிந்துவிட்டது, சரி, அந்த வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் புதிதாக வந்த பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகள் கொடுக்கும் தொல்லை (இங்கே அதை புல்லியிங், bullying என்பார்கள்) பெரும்பாலும் வகுப்பறைக்குள் வருவதில்லை. ரிசெஸ் எனப்படும் இடைவேளையிலும், லஞ்ச் மேசையிலும், வாஷ்ரூமிலும், பஸ்ஸின் பின் இருக்கையிலும்தான் வருகிறது. அங்கெல்லாம் ஆசிரியரின் கண் எப்போதும் இருக்காது.

பிள்ளை வாய் திறந்து சொல்லும் என்று காத்திருக்காதீர்கள். அம்மா இரண்டு வேலை செய்கிறா, அப்பா இரவு ஷிஃப்ட், இதில் நானும் ஏன் கவலை கொடுக்க வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளையே யோசிக்கும். சாப்பாட்டுப் பெட்டியைப் பாருங்கள். நேற்றுவரை விரும்பிச் சாப்பிட்ட இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்தபடியே திரும்பி வருகிறது. "நாளைக்குப் பாண் மட்டும் போதும்" என்கிறது பிள்ளை. நாக்கு மாறிவிட்டது என்று விட்டுவிடாமல், யாராவது மூக்கைப் பொத்திக் காட்டினார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, வீட்டுக்குள் நுழைந்ததும் கழிவறைக்கு ஓட்டம், போனைக் கவிழ்த்து வைப்பது எல்லாம் கவனிக்க வேண்டியவை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ரொறொன்ரோப் பக்கம் ஸ்காபுரோவிலும் மார்க்கத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் பள்ளிக்கூடங்கள் உண்டு. அங்கே நம் பிள்ளைக்குப் பிரச்சினை இருக்காது என்று நம்பிவிட வேண்டாம். புதிதாக வந்தவரின் ஆங்கில உச்சரிப்பையும் உடுப்பையும் பகிடி பண்ணுவது சிலவேளை இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைகளாகவே இருக்கும். அது இரட்டிப்பாக வலிக்கும். அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனைக் கோயிலிலோ கடையிலோ நமக்குத் தெரிந்திருக்கும் என்பதால் வாயை மூடிக்கொள்ளவும் தோன்றும். மூடிக்கொள்ளாதீர்கள். அதேநேரம் அவர்கள் வீட்டு வாசலுக்கும் போய் நிற்காதீர்கள். பள்ளிக்கூடத்தின் வழியாகவே போங்கள்.

நம் வாயில் முதலில் வரும் இரண்டு பதில்கள் "கண்டுகொள்ளாதே", "திருப்பி அடி". முதலாவது பிள்ளையைத் தனியாக விட்டுவிடும். இரண்டாவதைச் செய்தால், சண்டை பிடித்ததாக நம் பிள்ளையும் இடைநிறுத்தப்படலாம். முழுவதையும் கேளுங்கள், "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள், பிறகு ஒரு கொப்பியில் திகதி, இடம், யார், என்ன, யார் பார்த்தார்கள் என்று எழுதி வையுங்கள்.

அடுத்த வேலைதான் முக்கியம்: வகுப்பாசிரியருக்கும் அதிபருக்கும் மின்னஞ்சல். வாசலில் நின்று வாயால் சொன்னது மறந்துபோகும், எழுத்து நிற்கும். அழகான ஆங்கிலம் தேவையில்லை. இந்த அளவு போதும்: "என் மகன் ஏழாம் வகுப்பு. செவ்வாய்க்கிழமை லஞ்ச் நேரத்தில், ஜிம் வாசலில், இரண்டு மாணவர்கள் அவனுடைய பையைப் பறித்து உள்ளே இருந்ததைக் கொட்டினார்கள். இந்த மாதம் இது மூன்றாவது தடவை. இப்போது லஞ்ச் நேரம் முழுக்க அவன் வாஷ்ரூமில் நிற்கிறான். இது புல்லியிங் என்று நான் முறைப்பாடு செய்கிறேன். அவனைப் பாதுகாக்க என்ன செய்கிறீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவியுங்கள்." புல்லியிங் என்ற சொல்லை அப்படியே எழுதுங்கள். ஒன்ராறியோவின் கல்விச் சட்டத்தில், 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அதற்கு வரைவிலக்கணமே இருக்கிறது. அடிப்பது மட்டுமல்ல, ஒதுக்கி வைப்பது, வதந்தி பரப்புவது, போனில் செய்வது எல்லாம் அதற்குள் வரும். இரவில் வீட்டிலிருந்து அனுப்பிய மெசேஜாக இருந்தாலும், அது பள்ளிக்கூடச் சூழலைப் பாதித்தால் அதிபர் நடவடிக்கை எடுக்கலாம். பிள்ளை கோபத்தில் அந்த மெசேஜை அழித்துவிடும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்தரங்கப் படம் ஒன்றைச் சம்மதமில்லாமல் பரப்பினால் அது குற்றவியல் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றம். அதற்குப் பொலிசிடமே போகலாம்.

அதிபர் சந்திக்கக் கூப்பிட்டால், பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவமானத்தில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைத்தான் சொல்லும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். பல பள்ளிக்கூடங்களுக்குப் புதுக்குடிவரவாளர்களுக்கென்றே ஸ்விஸ் (SWIS) எனப்படும் திட்டத்தின் செட்டில்மென்ட் பணியாளர்கள், அதாவது குடியேற உதவுபவர்கள், வருகிறார்கள். அவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, தமிழ் பேசுபவர்களும் உண்டு. மற்றப் பிள்ளையின் சொந்த விபரங்களை அதிபர் உங்களிடம் சொல்லமாட்டார். அதைக் கேட்டு மல்லுக்கட்டாமல், உங்கள் பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு, லஞ்ச் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார், அடுத்து எப்போது பேசலாம் என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் அந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களைக் கண்காணிக்கும் கல்விச்சபை சூப்பரின்டென்டன்டிடம் போங்கள். அவரும் அசையாவிட்டால், நீங்கள் வாக்களிக்காவிட்டாலும் உங்கள் பகுதிக்குத் தெரிவான கல்விச்சபை உறுப்பினரான ட்ரஸ்டியிடம் போங்கள் (அவர் இப்போது பொறுப்பில் இருக்கிறாரா என்று முதலில் சபையிடம் கேளுங்கள்).

அகதிக் கோரிக்கை முடியாமல் இருப்பவர்கள் இதில் பயப்படுவது எனக்குத் தெரியும். குடிவரவு நிலை சரியில்லை என்பதற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று இதே கல்விச் சட்டம் சொல்கிறது. மற்றப் பெற்றோரைப் போலவே உங்களுக்கும் முறைப்பாடு செய்ய உரிமை உண்டு.

பிள்ளைக்கு ஒரு கூட்டாளி தேடிக் கொடுப்பதும் உங்கள் வேலைதான். டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் போன்ற ஆய்வாளர்கள் ரொறொன்ரோ பள்ளிக்கூட விளையாட்டிடங்களைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். மற்றொரு பிள்ளை குறுக்கே வந்தபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவைகளில் 10 வினாடிக்குள் தொல்லை நின்றுவிட்டது. 2007இல் நோவா ஸ்கோஷியாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பிங்க் சட்டை போட்டதற்காகத் துன்புறுத்தப்பட்டபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இருவர் பிங்க் சட்டைகள் வாங்கி மற்ற மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். பெப்ரவரி கடைசிப் புதன்கிழமை உங்கள் பிள்ளை பிங்க் சட்டை கேட்டால் காரணம் அதுதான். செஸ் கிளப்போ கிரிக்கெட்டோ, பள்ளிக்கூடம் முடிந்தபின் ஏதாவதொன்றில் சேர்த்துவிடுங்கள்.

வீட்டில் பேச முடியாத பிள்ளைக்குக் கிட்ஸ் ஹெல்ப் போன் இருக்கிறது: 1-800-668-6868, நாள் முழுக்க, இலவசம். 686868க்கு மெசேஜும் அனுப்பலாம். இலக்கத்தைப் பிள்ளையின் போனில் இன்றைக்கே போட்டுக் கொடுங்கள். சாகலாம் போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், முறைப்பாடு, மின்னஞ்சல் எல்லாம் பிறகு. தனியே விடாமல் நேரே வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது 911ஐ அழையுங்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அழைப்பு, உங்கள் பிள்ளைதான் இன்னொருவரைத் துன்புறுத்துகிறான் என்றும் இருக்கலாம். "என் பிள்ளை அப்படிச் செய்யமாட்டான்" என்று வாதாட வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் கை ஓங்கவும் வேண்டாம். என்ன நடந்தது என்று அதிபரிடம் முழுதாகக் கேட்டுவிட்டு, அவனுக்கு என்ன உதவி தர முடியும் என்றும் கேளுங்கள். அதைப் பெற்றோரோடு பேசுவதும் அதிபரின் கடமைதான்.