விளையாட்டு கார்டுக்குத் தரச் சான்று: எந்த நிறுவனத்துக்கு அனுப்புவது?

விளையாட்டு வீரர்களின் படம் அச்சிட்ட கார்டுகளைச் சேர்க்கத் தொடங்கியவர்கள் முதலில் கேட்பது, “பி.எஸ்.ஏ.வா, பி.ஜி.எஸ்.ஸா, எது நல்லது?” என்பதுதான். இரண்டுமே கார்டுக்குத் தரச் சான்று தரும் நிறுவனங்கள். கார்டைக் கையில் எடுத்துப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே கார்டு ஓரிடத்தில் லாபம் தரும், வேறோரிடத்தில் கட்டணத்துக்கே காணாது. அதனால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இந்த விளக்கத்தில் நான்காம் படியில்தான் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் உள்ள படிகளைத் தாண்டிப் போகாதீர்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

தரமதிப்பீட்டு நிறுவனம் மூன்று வேலைகள் செய்கிறது. கார்டு அசல்தானா என்று பார்க்கிறது. யாராவது வெட்டியோ வண்ணம் பூசியோ இருக்கிறார்களா என்று ஆராய்கிறது. பிறகு அதன் நிலைக்கு 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் கொடுத்து, லேபிளும் சான்று எண்ணும் சேர்த்து, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடித் திருப்பி அனுப்புகிறது. அந்த உறைக்கு ஸ்லாப் என்று பெயர். இன்னும் ஸ்லாபுக்குள் போகாத கார்டை ‘ரா’ கார்டு என்பார்கள்.

படி 1: நீங்களே கார்டைப் பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் எனப்படும் சிறு பூதக்கண்ணாடி, வெள்ளை ஒளி தரும் மேசை விளக்கு, மில்லிமீட்டர் அளவுகோல், மைக்ரோஃபைபர் துணி, விரித்துவைக்க ஒரு கறுப்புத் துணி. இவை போதும். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டு உட்காருங்கள். கார்டை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள்.

எல்லா நிறுவனங்களும் பார்ப்பது நான்கு விஷயங்கள்தான்: படம் கார்டின் நடுவில் அமைந்திருக்கிறதா, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு.

நடுவமைவை ஆங்கிலத்தில் சொல்வதுபோலவே சென்டரிங் என்றுதான் சேகரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அதைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், அளந்து பாருங்கள். இடது பக்க வெள்ளைக் கரை 2.2 மி.மீ., வலது பக்கம் 1.8 மி.மீ. என்றால் மொத்தம் 4 மி.மீ. அதில் 2.2 என்பது 55 சதவீதம். ஆகவே சென்டரிங் 55/45. இடது 2.4, வலது 1.6 ஆகிவிட்டால் 60/40. படம் நகர்ந்திருப்பது 0.2 மி.மீ. மட்டுமே. ஆனால் பி.எஸ்.ஏ.வில் 10 கிடைக்க முன்பக்கம் ஏறக்குறைய 55/45க்குள் இருக்க வேண்டும். பின்பக்கத்துக்கு 75/25 வரை சலுகை உண்டு. மேல் கரை, கீழ்க் கரையையும் இதேபோல் அளந்து, எது மோசமோ அதையே கணக்கில் கொள்ளுங்கள்.

மூலைகளை லூப்பில் ஒவ்வொன்றாகப் பாருங்கள், முன்னும் பின்னும் சேர்த்து எட்டு. வெறும் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரிகிற மூலை, லூப்பில் பஞ்சு பிரிந்ததுபோலத் தெரியும். அது தெரிந்தாலே 10 என்ற நினைப்பை விட்டுவிடலாம்.

விளிம்புகளில் கார்டின் வடிவமைப்பைப் பொறுத்து எதிர்பார்ப்பு மாறும். டாப்ஸ் நிறுவனத்தின் 1971ஆம் ஆண்டு பேஸ்பால் கார்டுகளுக்குக் கறுப்புக் கரை. சிறு உராய்வு பட்டாலும் வெள்ளைப் புள்ளி எட்டிப் பார்க்கும். 1993ஆம் ஆண்டு எஸ்.பி. தொகுப்பில் வந்த, பேஸ்பால் வீரர் டெரெக் ஜீட்டரின் கார்டு ஃபாயில் பூச்சு உள்ளது. பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போதே ஓரத்தில் பூச்சு உதிர்ந்திருக்கும். இத்தகைய கார்டுகளில் 10 அரிது, அதனால்தான் விலையும் எகிறுகிறது. மாறாக, ஓ-பீ-சீ நிறுவனத்தின் 1979–80 ஐஸ் ஹாக்கி கார்டுகளின் விளிம்பு சொரசொரப்பாக இருப்பது இயல்பு. வெட்டிய முறை அப்படி. அந்தத் தொகுப்பில்தான் புகழ்பெற்ற வீரர் வேன் கிரெட்ஸ்கியின் முதல் கார்டு வந்தது. அதன் விளிம்பு வழவழவென்று இருந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள், யாரோ வெட்டியிருக்கிறார்களா என்று சந்தேகப்படுங்கள்.

மேற்பரப்புதான் தொடக்கக்காரர்களை ஏமாற்றுவது. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் பளபளவென்று குறையே இல்லாமல் தெரியும். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் கார்டின் மேல் சாய்வாகப் படும்படி வையுங்கள். பிறகு கார்டை மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டே போங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில், மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய கோடு ஒன்று சட்டென்று மின்னி மறையும். அது அச்சு இயந்திரம் விட்ட கோடு. உலோகம்போல் மின்னும் குரோம் கார்டுகளில் இது சர்வ சாதாரணம். ஊசி முனை அளவுக்குக் குழிகள், மிக மெல்லிய கீறல்கள், விரல் ரேகை எல்லாம் இந்தச் சாய்வு வெளிச்சத்தில்தான் அகப்படும். விரல் ரேகையையும் தூசியையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒற்றி எடுக்கலாம். அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். மெருகுத் திரவம், மூலையை அழுத்திச் சரிசெய்வது, பேனாவால் கரையைக் கறுப்பாக்குவது எல்லாமே ‘மாற்றப்பட்ட கார்டு’ என்ற முத்திரைக்கு வழி.

படி 2: கை வைக்கப்பட்ட கார்டா?

அளவுகோலை மீண்டும் எடுங்கள். இன்றைய வழக்கமான கார்டு 63.5 × 88.9 மி.மீ. 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் பேஸ்பால் கார்டுகள் அதைவிடப் பெரியவை, ஏறக்குறைய 66.7 × 95 மி.மீ. அந்தத் தொகுப்புக்கு உரிய அளவைத் தெரிந்துகொண்டு ஒப்பிடுங்கள். அதே தொகுப்பில் விலை குறைந்த வேறொரு கார்டை வாங்கி, இரண்டையும் அடுக்கிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வழி. சற்றே குறைவாக இருந்தால், தேய்ந்த விளிம்பை யாரோ வெட்டிக் கூர்மையாக்கியிருக்கலாம். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானுக்கு ஃபிளீர் நிறுவனம் 1986இல் வெளியிட்ட கார்டுபோலப் புகழ்பெற்றவற்றில் போலிகளும் ஏராளம். அவற்றை லூப்பில் பார்த்து, அச்சுப் புள்ளிகளின் அமைப்பை அசலோடு ஒப்பிட வேண்டும்.

நிறுவனங்களே தவறவிட்டதும் உண்டு. பி.எஸ்.ஏ. 1991இல் தொடங்கியபோது முதன்முதலாகச் சான்றளித்தது, 1909–11 காலத்து டி206 தொகுப்பைச் சேர்ந்த, பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு. அதற்கு 8 கொடுத்தார்கள். அந்தக் கார்டை விற்றவரான பில் மாஸ்ட்ரோ, தான் அதன் ஓரத்தை வெட்டியதாக 2013இல் ஒப்புக்கொண்டார். சான்று முக்கியம்தான். ஆனாலும் ஸ்லாபுக்குள் இருக்கும் கார்டை வாங்கும்போதும் உங்கள் கண்ணை மூடிவிடாதீர்கள்.

படி 3: கணக்குப் போடுங்கள்

ஏல தளங்களில் ‘விற்று முடிந்தவை’ பட்டியலைப் பாருங்கள். கேட்கும் விலையை நம்பாதீர்கள், கைமாறிய விலையே விலை. ஒரு கார்டு ராவாக 60 டாலர், 8க்கு 50, 9க்கு 75, 10க்கு 200 என்று வைத்துக்கொள்வோம். கட்டணம், இரு வழி அஞ்சல், காப்பீடு எல்லாம் சேர்த்து கார்டுக்கு 35 டாலர். கையில் நிற்பது 8 வந்தால் 15, 9 வந்தால் 40, 10 வந்தால் 165.

இப்படி பத்துக் கார்டுகள் அனுப்புகிறீர்கள். இரண்டு 10, ஆறு 9, இரண்டு 8 வருகின்றன. மொத்தம் 330 + 240 + 30 = 600 டாலர். அனுப்பாமல் ராவாகவே விற்றிருந்தாலும் அதே 600. மாதக்கணக்கில் காத்திருந்ததற்கு ஒரு காசுகூட மிஞ்சவில்லை. மூன்று 10, ஐந்து 9, இரண்டு 8 வந்தால் 725. அதாவது ஒரே ஒரு கார்டு 9இலிருந்து 10க்கு ஏறுவதில்தான் எல்லாமே இருக்கிறது. முதல் படியில் அவ்வளவு நேரம் செலவிடச் சொன்னது இதற்காகத்தான்.

விற்கும் எண்ணமே இல்லை, தாத்தா கொடுத்த கார்டைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்றால் இந்தக் கணக்கு தேவையில்லை. பிடித்த ஸ்லாபில் போடுங்கள்.

படி 4: நிறுவனங்களை ஒப்பிடுங்கள்

பி.எஸ்.ஏ. கலிபோர்னியாவைச் சேர்ந்தது. சிவப்புக் கரை போட்ட லேபிள். ஒற்றை மதிப்பெண் மட்டும் தரும், ஏன் அந்த மதிப்பெண் என்று பிரித்துக் காட்டாது. அரை மதிப்பெண்கள் 8.5 வரைதான், 9.5 கிடையாது. அதனால் 9க்கும் 10க்கும் நடுவே பெரிய பள்ளம். நவீன கார்டுகளை விற்கப் பொதுவாக இதற்குத்தான் வாங்குபவர்கள் அதிகம். சேகரிப்பாளர்கள் தங்கள் தொகுப்பைப் பதிவுசெய்து போட்டியிடும் பட்டியலும் இங்கே உண்டு. அந்தப் போட்டியே விலையைத் தூக்கிப் பிடிக்கிறது.

பெக்கெட்டின் பி.ஜி.எஸ். வேறு ரகம். புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பெக்கெட் 1984இல் தொடங்கிய விலை வழிகாட்டி இதழிலிருந்து வளர்ந்த நிறுவனம். கேட்டால், நான்கு விஷயங்களுக்கும் தனித்தனி மதிப்பெண்ணை லேபிளிலேயே அச்சிடும். இறுதி மதிப்பெண் நான்கின் சராசரி அல்ல. மிகக் குறைந்த மதிப்பெண் அதைக் கீழே இழுத்துவிடும். இங்கே 9.5 உண்டு, அதற்கு மேல் 10 உண்டு, நான்கும் 10 ஆக இருந்தால் கறுப்பு லேபிள். அந்தக் கறுப்பு லேபிளுக்கு பி.எஸ்.ஏ. 10ஐவிடப் பல மடங்கு விலை கிடைப்பதுண்டு. ஆனால் அதற்கு முன்பக்கச் சென்டரிங் 50/50 வேண்டும். பி.ஜி.எஸ். 9.5 பெரும்பாலும் பி.எஸ்.ஏ. 10ஐவிடக் குறைவாகத்தான் போகும். ஆக, அளந்து பார்த்து நீங்களே அசந்துபோன கார்டை மட்டும் விற்பனைக்காக இங்கே அனுப்புங்கள்.

எஸ்.ஜி.சி. 1998இல் தொடங்கியது. கார்டைச் சுற்றிக் கறுப்புச் சட்டம் வைப்பார்கள். பழைய கார்டின் மங்கிய வெண்கரை அந்தக் கறுப்பில் எடுப்பாகத் தெரியும், அதனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்டு சேர்ப்பவர்களுக்கு இதன்மேல் தனிப் பிரியம். 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம்போன பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 டாப்ஸ் கார்டு, எஸ்.ஜி.சி. 9.5 ஸ்லாபில்தான் இருந்தது. 2024இல் பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனமான கலெக்டர்ஸ் இதை வாங்கியது. இரண்டு பெயர்கள் என்றாலும் உரிமையாளர் ஒருவரே என்பதை நினைவில் வையுங்கள்.

சி.ஜி.சி. காமிக்ஸ் புத்தகங்களில் பெயரெடுத்த நிறுவனம். விளையாட்டு கார்டுகளுக்கு 2021இல் சி.எஸ்.ஜி. என்ற பெயரில் வந்து, 2023இல் சி.ஜி.சி. கார்ட்ஸ் என்று ஒன்றானது. இங்கே இரண்டு விதமான 10 உண்டு, ‘ஜெம் மின்ட்’, அதற்கும் மேலே ‘பிரிஸ்டின்’. வாங்கும்போது லேபிளில் எண்ணோடு சொல்லையும் படியுங்கள். டி.ஏ.ஜி. கணினிப் படமெடுப்பை வைத்து 1000 புள்ளி அளவில் மதிப்பிட்டு, எந்த இடத்தில் என்ன குறை என்று படத்தோடு காட்டும்.

என் பரிந்துரை இதுதான். முதல் சில கார்டுகளை, அவை விலை குறைந்தவையாக இருந்தாலும், மதிப்பெண்ணைப் பிரித்துக் காட்டும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் போட்ட மதிப்பெண்ணை முன்னதாக எழுதிவைத்து, வந்ததோடு ஒப்பிடுங்கள். விளிம்பில் ஏமாந்தீர்களா, மேற்பரப்பிலா என்று உடனே தெரிந்துவிடும். கண் பழகிய பிறகு, விற்கிற நவீன கார்டு பி.எஸ்.ஏ.வுக்கு, மிகப் பழையது எஸ்.ஜி.சி. அல்லது பி.எஸ்.ஏ.வுக்கு என்று போகலாம். கட்டணமும் காத்திருப்பு நாட்களும் அடிக்கடி மாறுபவை. 2021 மார்ச்சில் பி.எஸ்.ஏ. வேலை குவிந்து பெரும்பாலான சேவைகளையே நிறுத்திவைத்தது. அனுப்பும் அன்று நிறுவனத்தின் தளத்தில் பாருங்கள்.

ஒவ்வொரு நிறுவனமும் எத்தனை கார்டுகளுக்கு என்ன மதிப்பெண் கொடுத்தது என்று பட்டியல் வெளியிடுகிறது. 10 எவ்வளவு அரிது என்பதை அதில் பார்க்கலாம். ஆனால் 9 வந்த கார்டை ஸ்லாபை உடைத்து எடுத்துத் திரும்பத் திரும்ப அனுப்புகிறவர்கள் உண்டு, ஒரே கார்டு பட்டியலில் இரண்டு மூன்று முறை இடம்பெற்றிருக்கலாம். 9களின் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிட வேண்டாம்.

படி 5: படிவமும் பொட்டலமும்

படிவத்தில் உங்கள் கார்டின் மதிப்பை நீங்களே குறிப்பிட வேண்டும். சேவைக் கட்டணமும் காப்பீடும் அதை ஒட்டியே அமையும். குறைத்து எழுதினால், மதிப்பெண் வந்த பிறகு கூடுதல் கட்டணம் கேட்பார்கள். வழியில் தொலைந்தால் இழப்பீடும் குறையும். நியாயமான விலையை எழுதுங்கள்.

ஒவ்வொரு கார்டையும் முன்னும் பின்னும் படமெடுங்கள். மெல்லிய ஸ்லீவில் போட்டு, பிறகு கார்டு சேவர் எனப்படும் வளையக்கூடிய உறையில் செருகுங்கள். டாப்லோடர் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதிலிருந்து உருவும்போது மூலை அடிபடும். படிவத்தில் உள்ள வரிசையிலேயே அடுக்கி, இரு பக்கமும் அட்டை வைத்து, இறுக்காமல் ரப்பர் வளையம் போட்டு, குமிழ் உறையில் சுற்றிப் பெட்டியில் வையுங்கள். பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. வேறு நாட்டிலிருந்து அனுப்புகிறவர்கள் சுங்க அறிவிப்பில் ‘மதிப்பீட்டுக்குப் பின் திரும்பும் பொருள்’ என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். இல்லையென்றால் திரும்பி வரும்போது தீர்வை கேட்பார்கள்.

படி 6: திரும்பி வந்ததும்

சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தேடி, அங்கே வரும் விவரமும் லேபிளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஆண்டு, தொகுப்பு, கார்டு எண், வகை ஆகியவற்றில் பிழை இருந்தால் உடனே எழுதுங்கள், திருத்தித் தருவார்கள். ஸ்லாபில் கீறலோ விரிசலோ இருந்தால் பெட்டியைத் திறந்த அன்றே படமெடுத்துத் தெரிவியுங்கள். ஸ்லாப் தண்ணீர் புகாத உறை அல்ல, வெயிலையும் தடுக்காது. கையெழுத்துள்ள கார்டென்றால் ஜன்னலோரத்தில் வைக்கவே வைக்காதீர்கள்; மை வெளுத்துவிடும்.