செட்டிநாட்டு வீட்டறையில் கனிமங்களையும் தனிமங்களையும் காட்சிக்கு வைப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளியிலோ, பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் ஓர் அறையிலோ கனிமக் காட்சி அமைக்க விரும்புவோர், 118 தனிமங்களுக்கும் கட்டம் போட்ட பேழையோடு தொடங்க வேண்டாம். அவற்றுள் பல கதிரியக்கம் உடையவை. சில, நொடிப்பொழுதில் சிதைபவை. அந்த அட்டவணை சுவரில் படமாக இருந்தால் போதும். பேழைக்குள் கனிமம், அதிலிருந்து பெறும் தனிமம், நாம் அன்றாடம் பார்க்கும் பொருள் ஆகிய மூன்றையும் அருகருகே வைப்பதே என் விருப்பம்.

இரும்புக்கு இவ்வட்டாரத்துச் செம்புறாங்கல்லும் ஹேமடைட் என்னும் இரும்புத் தாதும், அவற்றின் பக்கத்தில் பழைய சன்னல் கம்பித் துண்டும், இரும்பு ஆக்சைடு சாயத்தால் சிவந்த ஆத்தங்குடிக் கல் ஒன்றும் இருக்கட்டும். கல்லின் சிவப்பும் துருவின் சிவப்பும் ஒரே தனிமத்தின் வேலை என்பது பார்த்ததும் விளங்கிவிடும். கார்பனுக்கு வெளியூர் அலைய வேண்டியதில்லை. சிவகங்கைக் கிராஃபைட்டும் ஒரு பென்சிலும் போதும். கால்சியத்துக்குச் சுண்ணாம்புக்கல்லோடு, இடிந்த சுவரிலிருந்து உதிர்ந்த சுதைப்பூச்சின் துண்டைச் சேர்க்கலாம்.

அடுத்து நம்மூர் வெப்பமும் ஈரமும். காலியம் கிட்டத்தட்ட 30 டிகிரி செல்சியஸில் உருகும் உலோகம் என்பதால், சித்திரை வெயிலில் மூடிய பேழைக்குள் அது தானாகவே நீராளமாகிவிடும். பின்னர் உறையும்போது விரிவடைந்து கண்ணாடிக் குப்பியை உடைக்கக்கூடும். ஆகவே பிளாஸ்டிக் குப்பியில், அலுமினியத்தைத் தொடாதவாறு வையுங்கள். வெயில் காலத்தில் அது உருகிக் கிடப்பதே நல்ல காட்சி.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆபத்து, இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமான பைரைட்டுக்கு. ஈரக்காற்றில் அது மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலத்தை உண்டாக்கி, அடியில் உள்ள பெயர்ச்சீட்டையும் தட்டையும் அரித்துவிடும். உப்புக்கல்லும் கசியத் தொடங்கும். இவ்விரண்டையும் இறுக மூடும் பெட்டிகளில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்க வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறுவது அதிலுள்ள கோபால்ட் குளோரைடால் என்பதால், அதையே கோபால்ட்டின் காட்சிப்பொருளாக்கிக்கொள்ளலாம்!

மனோசிலை (ரியல்கர் என்னும் சிவப்பு ஆர்சனிக் கனிமம்) வெளிச்சம் பட்டால் மஞ்சள் பொடியாக உதிரும். வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) திறந்தவெளி வெளிச்சம் நேராக விழும் இடத்தைத் தவிர்த்து, இரண்டாங்கட்டு (வீட்டின் உட்பகுதி) அறையைத் தேர்ந்தெடுங்கள். கந்தகத்தை வெள்ளி, செம்பு இருக்கும் பேழையில் வைத்தால் அவை கறுக்கும். அதற்குத் தனிப் பேழை வேண்டும். ஈயத்தைப் புதிய பிளைவுட் அலமாரியில் வைக்கவே வேண்டாம். பலகையும் பசையும் விடும் அமில ஆவியால் அதன்மேல் வெண்பொடி பூக்கும். கண்ணாடித் தட்டுகள் பொருத்திய இரும்புப் பேழையே பாதுகாப்பானது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்னும் கனிமம், கதிரியக்கம் உடைய தோரியம் கலந்தது. பள்ளிக் காட்சியில் அதற்கு இடமில்லை. பாதரசத்தைத் திரவமாக வைக்காமல், பாதரசக் கனிமமான சாதிலிங்கக் கல்லைப் பூட்டிய பேழையில் வெளிச்சம் படாமல் வையுங்கள்.

பெயர்ச்சீட்டில் கனிமத்தின் பெயர், வேதி வாய்பாடு, கிடைத்த ஊர், கிடைத்த ஆண்டு ஆகியவற்றோடு, சித்த மருத்துவத்தில் வழங்கும் பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஊர்ப்பெயர் இல்லாத கல்லை வாங்கியவுடனே விற்றவரிடம் கேட்டு எழுதிவிட வேண்டும். ஓராண்டு கழித்துக் கேட்டால் அவருக்கே நினைவிராது.